பழைய சிப் நம்பகமானதா? எந்தப் பழசு என்று பார்க்க வேண்டும்

கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். நண்பர்களோடு சேர்ந்து சின்னச் செயற்கைக்கோள் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். செவ்வாயில் ஓடும் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் பிராசசர் 1998இல் வந்த ஆப்பிளின் ஐமேக் கணினியின் பிராசசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், இஸ்ரோவின் விக்ரம் 3201 சிப் 180 நானோமீட்டரில் செய்யப்பட்டது என்றும் படித்திருக்கிறார். அவர் போனில் இருப்பது 4 நானோமீட்டர் சிப் (இந்த எண் குறையக் குறைய டிரான்சிஸ்டர்கள் சின்னவை, சிப் புதிய தலைமுறை). "விண்வெளிக்குப் பழைய சிப்தான் நம்பகம் என்றால், ஒரு கடைக்காரரிடம் 2006ஆம் வருட ஐசிகள் (சிப்புகள்), ஆலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் டியூபோடு மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கிப் போடலாமா?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பழைய டிசைனைப் பயன்படுத்தலாமா என்பது ஒன்று. பழைய சரக்கைப் பயன்படுத்தலாமா என்பது இன்னொன்று. பெர்சிவரன்ஸில் இருப்பது பழைய டிசைன், ஆனால் புதிதாகச் செய்த சிப். உங்கள் கடைக்காரரிடம் இருப்பது இருபது வருடம் எங்கேயோ கிடந்த சரக்கு. முதலாவதன் நல்ல பெயரை வைத்து இரண்டாவதை வாங்கக் கூடாது. நான் இருபத்திரண்டு வருடமாக உதிரிபாகச் சோதனையில் இருக்கிறேன். ரயில் சிக்னல், பாதுகாப்புத் துறை, கொஞ்சம் விண்வெளி, இப்படிப்பட்ட போர்டுகளில் ஏறும் ஐசி, கெப்பாசிட்டர், ரிலே எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். கதிர்வீச்சுச் சோதனையை மட்டும் நான் கையால் செய்ததில்லை, அதன் அறிக்கைகளைப் படித்து முடிவெடுக்கும் இடத்தில்தான் இருந்திருக்கிறேன். அந்தப் பகுதியில் நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிசைன். விண்வெளிக் கதிர்வீச்சு சிப்பை இரண்டு விதமாகத் தாக்கும். ஒன்று மெல்ல மெல்ல. டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் செய்யும் கேட் என்ற முனைக்கு அடியில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், கதிர்வீச்சு அதன் வழியே போகப் போக அதில் மின்னூட்டம் சிக்கிக்கொள்ளும். நாள்பட நாள்பட டிரான்சிஸ்டர் ஆன் ஆகும் வோல்டேஜ் நகர்ந்துவிடும், லீக்கேஜ் கரண்ட் ஏறும், கடைசியில் சிப் வேலை செய்யாது. இன்னொன்று ஒரே அடி. வேகமாக வரும் ஒரு துகள் சிலிக்கானைத் துளைத்துப் போகும்போது மெமரியில் இருக்கும் ஒரு 0 சட்டென்று 1 ஆகிவிடும். இதுகூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். இதைவிட மோசமானது லாட்ச்-அப். நாம் வைக்காத, ஆனால் சிப்பின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று ஆன் செய்துகொண்டு, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே நேர்வழி திறந்துவிடும். பவரை அணைத்தால்தான் அது விடும். அணைக்கத் தாமதமானால் சிப் எரிந்துபோகும்.

"பழைய சிப்பில் டிரான்சிஸ்டர் பெரிசு, அதனால் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாதிதான் சரி. ஒரு பிட்டைத் தனியாக எடுத்துக்கொண்டால், பெரிய டிரான்சிஸ்டரில் அதைப் புரட்ட அதிக மின்னூட்டம் வேண்டும் என்பது உண்மை. சின்ன டிரான்சிஸ்டர்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரே துகள் பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகளைச் சேர்த்துப் புரட்டுவதும் உண்டு. ஆனால் மெல்ல மெல்லச் சேரும் பாதிப்பில் கதை திரும்பிவிடும். ஆக்சைடு மெலிதாக இருந்தால் மின்னூட்டம் சிக்க இடமே குறைவு, ஆகவே கேட் ஆக்சைடு அளவில் புதிய தலைமுறைச் சிப்புகள் பெரும்பாலும் பழையவற்றைவிட நன்றாகத் தாங்கும். சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப், இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் கம்பாரேட்டர் ஆகியவற்றின் பழைய பைபோலார் வகையில் (வேறு விதமான டிரான்சிஸ்டரால் செய்தவை) இன்னொரு சிக்கல். சோதனைச்சாலையில் வேகமாகக் கொடுத்த கதிர்வீச்சைத் தாங்கியவை, அதே அளவை விண்வெளியில் வருகிற மாதிரி மெதுவாகக் கொடுத்தபோது அதிகமாகக் கெட்டுப்போயின. 1990களின் தொடக்கத்தில்தான் இது தெரியவந்தது. அதற்கு முன் "சோதித்தாயிற்று" என்று முத்திரை வாங்கிய எத்தனையோ பாகங்களின் அறிக்கைகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது.

ஐமேக் கதையும் பாதிதான் உண்மை. பெர்சிவரன்ஸ், அதற்கு முன் செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூன்றிலும் இருப்பது ராட்750 என்ற பிராசசர். அது ஐமேக்கில் இருந்த பவர்பிசி 750இன் கட்டமைப்பை எடுத்துக்கொண்டது, அதாவது ஒரே புரோகிராம் மொழி பேசும். உள்ளே இருக்கும் சுற்றுகளோ கதிர்வீச்சைத் தாங்கவே திரும்ப வரையப்பட்டு, அதற்கான தனிச் செயல்முறையில் செய்யப்பட்டவை. பழைய ஐமேக்கைப் பிரித்து அதிலிருந்து சிப்பைக் கழற்றி அனுப்பினால் அது ராட்750 ஆகிவிடாது. வேகம் அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ், மெமரி 256 எம்பி, ஆனால் செவ்வாயில் ஒரு காரின் அளவுள்ள வண்டியை இறக்க அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் ஏன் பழைய டிசைனையே கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்? என் அனுபவத்தில் முக்கியக் காரணம், அதன் குறைகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டன. எந்த வெப்பத்தில் எந்தச் சிக்னல் தாமதமாகும், எந்த உத்தரவு வரிசையில் தடுமாறும், பத்து வருடம் ஓடினால் எது முதலில் தேயும், இதையெல்லாம் வேறு யாரோ எங்கோ பட்டுத் தெரிந்துகொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் குறைகள்வரை பட்டியல் இருக்கும். புதிய சிப்பில் அந்தக் குறைகள் இல்லாமல் இல்லை, இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. போய்ச் சரிசெய்ய முடியாத இடத்துக்கு அனுப்பும்போது, தெரிந்த குறையோடு வாழ வழி செய்துகொள்ளலாம். கால அளவும் காரணம். ஹப்பிள் தொலைநோக்கிக்கு 1999 டிசம்பரில் வீரர்கள் போய்ப் புதுக் கணினி பொருத்தினார்கள், அதில் இருந்தது 1989இல் சந்தைக்கு வந்த இன்டெல் 486 பிராசசர். தேர்ந்தெடுத்து, கதிர்வீச்சில் வைத்துப் பார்த்து, போர்டு செய்து, மென்பொருள் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டியும் சூடாக்கியும் குளிர்வித்தும் முடிப்பதற்குள் கடையில் அது பழசாகிவிடும். அப்புறம் மின்சாரமும் சூடும். கியூரியாசிட்டியின் மின்கலன் தொடக்கத்தில் தந்தது 110 வாட் அளவுதான், வண்டி முழுவதற்கும். வெற்றிடத்தில் சூட்டை எடுத்துப்போகக் காற்றும் இல்லை.

விக்ரம் 3201ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 180 நானோமீட்டர் என்றதும் பலர் கேலி பேசினார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அது ராக்கெட்டுக்கான பிராசசர். பிஎஸ்எல்வி கிளம்பிச் செயற்கைக்கோளை விடுவது சுமார் 20 நிமிட வேலை. அந்த 20 நிமிடத்தில் வழிகாட்டும் கணக்குகளைத் தவறில்லாமல், நேரம் பிசகாமல் போட வேண்டும், அதிர்வைத் தாங்க வேண்டும், மைனஸ் 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரை ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்கு 4 நானோமீட்டர் எதற்கு? இதன் மூத்த சிப்பான 16 பிட் விக்ரம் 1601, 2009 முதலே இஸ்ரோ ராக்கெட்டுகளில் பறக்கிறது. 32 பிட் சிப்பை 2024 டிசம்பரில் பிஎஸ்எல்வி-சி60 போனபோது அதன் போயம் மேடையில் (வேலை முடிந்தபின் சுற்றுப்பாதையிலேயே சோதனைகளுக்காக விடும் ராக்கெட்டின் கடைசிப் பகுதி) வைத்துப் பார்த்தார்கள். மொஹாலியில் இருக்கும் அரசு ஆலையால் 180 நானோமீட்டரில் செய்ய முடியும், ஆகவே பத்து வருடம் கழித்தும் அதே சிப்பைத் திரும்பச் செய்து வாங்கலாம். என் தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எப்படிச் சொல்வது? ஆலை நம் கையில் இருந்தால் "இந்தப் பாகம் இனி வராது" என்று ஒரு கடிதம் வந்து ஒரு திட்டமே நின்றுபோகாது.

அப்படிப் பாகம் கிடைக்காமல் போனவர்கள் படும் பாட்டுக்கு ஒரு சாட்சி, நாசாவின் விண்வெளி ஓடம். 1981இல் பறக்கத் தொடங்கிய திட்டம். 2002இல் அதன் பராமரிப்பில் இருந்தவர்கள் இணைய ஏலத்தில் இன்டெல் 8086 சிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது 1978இல் வந்த சிப். ஓடத்தில் பொருத்துவதற்காக இல்லை, ஓடத்தைக் கிளப்பும் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தரையில் சோதிக்கும் கருவிகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்காக. பழைய டிசைனோடு இருப்பதன் விலை இது: டிசைன் நம்பகமாக இருக்கும், ஆனால் அதைச் செய்கிறவர் ஒருநாள் கடையைக் கட்டிவிடுவார், அன்றிலிருந்து நீங்கள் பழைய சரக்கைத் தேடி அலைகிறவராகிவிடுவீர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெர்சிவரன்ஸோடு போன இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது 2014 வாக்கில் போன்களில் வந்த ஸ்னாப்டிராகன் 801. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் அது நின்றதும் இறக்கைகள் சேதமானதால்தான். ஆனால் இதைப் பார்த்து "போன் சிப்பே போதும்" என்று முடிவுகட்டுவதற்கு முன் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். பறக்கும்போது நிலைப்படுத்தும் வேலையைக் கார்களுக்காகச் செய்யப்பட்ட வேறு கன்ட்ரோலர்களிடம், இரண்டாகப் போட்டு, கொடுத்திருந்தார்கள். ஒன்று தடுமாறினால் மற்றதற்கு மாற்றிவிட நடுவில் ஓர் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்). ஹெலிகாப்டர் விழுந்தாலும் ஊர்தியின் பணி தொடரும். தோற்றாலும் தாங்கும் இடம் அது.

"ஏற்கெனவே பறந்தது" என்ற வார்த்தை தரும் தைரியம்தான் எனக்குப் பயம். ஜெனசிஸ் என்றொரு விண்கலம் சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்க வந்தது. பாரசூட் விரியவே இல்லை, தரையில் மோதி உடைந்தது. வேகம் குறைவதை உணர்ந்து பாரசூட்டுக்கு உத்தரவு தரவேண்டிய சின்னச் சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. அந்த ஏற்பாடு ஸ்டார்டஸ்ட் என்ற முந்தைய விண்கலத்திலிருந்து வந்தது, ஆகவே பழகிய டிசைன் என்று எடுத்துக்கொண்டு, சுவிட்சின் திசையைக் காட்டியிருக்கக்கூடிய சோதனையை விட்டுவிட்டார்கள். ஆனால் புதுக் கலத்தில் அந்தப் பெட்டியின் அமைப்பு மாறியிருந்தது. பாகம் பழகியதுதான். அது உட்கார்ந்த இடம் புதிது.

சரி, உங்கள் டியூபுக்கு வருகிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு ரயில் சிக்னல் போர்டுக்கு உற்பத்தி நின்றுபோன ஓர் ஐசி தேவைப்பட்டது. ஒரு வியாபாரி முந்நூறு ஐசி கொடுத்தார். டேட் கோடு, அதாவது மேலே அச்சடித்த உற்பத்தி வாரம், எல்லாவற்றிலும் ஒன்றே, டியூப் புதுசு மாதிரி, மின் சோதனையில் அத்தனையும் பாஸ். என்னோடு வேலை செய்த ஒருவர் வழக்கப்படி பத்தை எடுத்து எக்ஸ்ரேயில் வைத்தார். உள்ளே லீட் ஃப்ரேம் (சிப்பைத் தாங்கி, வெளியே கால்களாக நீளும் உலோகச் சட்டம்) இரண்டு விதமாக இருந்தது. ஒரே வாரம் ஒரே தொகுப்பாகச் செய்த ஐசிகளில் அது வரக் கூடாது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேல்புறத்தைத் தேய்த்தோம், கருப்பு பஞ்சில் ஏறியது, அடியில் வேறு எழுத்துகளின் தடம். பழைய போர்டுகளிலிருந்து சூடுபோட்டுக் கழற்றி, மேல்புறத்தைத் தேய்த்துப் பூசி, புதிய எண் அச்சடித்த சரக்கு. திட்டத்தில் இருந்தவர்கள் எங்களோடு சண்டையே போட்டார்கள். பாஸான ஐசியை எதற்கு ஒதுக்குகிறீர்கள், தேதி போகிறது என்றார்கள். ஆனால் அந்த ஐசிகள் எத்தனை முறை சூடானவை, எத்தனை வருடம் ஓடியவை, கழற்றும்போது ஸ்டாட்டிக் மின்சார அடி எத்தனை வாங்கியவை, எதுவும் தெரியாது. இன்று பாஸாகும், சிக்னலுக்குப் போய் இரண்டாவது கோடையில் நிற்கும். முந்நூறையும் ஒதுக்கினோம். இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க செனட்டின் ஆயுதப் படைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, 2009, 2010 இரண்டு வருடங்களில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் வழியில் போலிப் பாகம் என்று சந்தேகிக்கத்தக்க சுமார் 1,800 நிகழ்வுகளைக் கண்டது. பாகங்களாக எண்ணினால் பத்து லட்சத்துக்கு மேல். உற்பத்தி நின்ற பாகங்களுக்குத்தான் போலிகளுக்கு நல்ல சந்தை, ஏனென்றால் வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை.

உண்மையான பழைய சரக்காகவே இருந்தாலும் பார்க்க வேண்டியவை உண்டு. உலோக அல்லது பீங்கான் பேக்கேஜில் (வெளிக்கூட்டில்) காற்றுப் புகாமல் மூடிய ஐசிகள் ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிளாஸ்டிக் பேக்கேஜ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்படியே சால்டர் அடுப்பில் போட்டால் உள்ளே நீராவி விரிந்து வெடிப்பு விடும், முன்கூட்டியே சூட்டில் உலர்த்த வேண்டும். கால்களில் ஆக்சைடு படிந்து சால்டர் ஒட்டாமல் நிற்கும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பழசென்றால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள், உள்ளே இருக்கும் திரவம் நாளாக ஆக வற்றும். பழசுக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத் தடை வந்த சமயத்தில் பல நிறுவனங்கள் பின்களின் பூச்சைச் சுத்த வெள்ளீயத்துக்கு மாற்றின. சுத்த வெள்ளீயத்தில் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் தானாக வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டுவிடும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் பேஜர்கள் பெரும்பாலும் ஊமையானதற்கு இந்த இழைகளே காரணமாகச் சொல்லப்பட்டன. கொஞ்சம் ஈயம் கலந்தால் இந்த வளர்ச்சி பெருமளவு அடங்கும். அதனால் விண்வெளி வேலைகளில் இன்றும் ஈயம் கலந்த பூச்சைக் கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் டியூப் சரியாக அந்த வருடத்தைச் சேர்ந்தது என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

புதிய சரக்கு என்றாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வியாழனின் நிலா யூரோபாவை ஆராயப் போகும் நாசா விண்கலம் யூரோபா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்புவதற்குச் சில மாதம் முன், அதில் பொருத்திய ஒரு வகை டிரான்சிஸ்டர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கதிர்வீச்சிலேயே கெடுகிறது என்று தெரிந்தது. கழற்றி மாற்றும் கட்டத்தைத் தாண்டியாயிற்று. மாதக்கணக்கில் இரவுபகலாகச் சோதித்து, கலம் வியாழனுக்கு அருகில் கடும் கதிர்வீச்சில் இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரமே, மீதி நாட்களில் டிரான்சிஸ்டர்கள் ஓரளவு தாமாகத் தேறிவிடும் என்று கண்டபின்தான் அனுப்பினார்கள்.

கடைசியாக, எல்லாப் பழியையும் கதிர்வீச்சின் மேல் போடும் பழக்கத்தைப் பற்றி. 2011 நவம்பரில் செவ்வாயின் நிலாவுக்குக் கிளம்பிய ரஷ்ய விண்கலம் ஃபோபோஸ்-கிரண்ட் பூமியின் சுற்றுப்பாதையைவிட்டே போகவில்லை. ரஷ்ய விசாரணைக் குழு விண்வெளித் தரம் இல்லாத மெமரி சிப்புகளையும் கனமான துகள்களையும் காரணம் சொன்னது. அந்தச் சிப் விண்வெளிக்கு ஏற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்ளும் நிபுணர்கள்கூட, கிளம்பிய சில மணி நேரத்தில், அவ்வளவு தாழ்வான பாதையில், இரண்டு சிப்பிலும் ஒரே சமயத்தில் அடி விழுந்தது என்பதை அப்படியே ஏற்கவில்லை. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டாஸ் 72 விமானம் திடீரென்று மூக்கைக் கீழே குத்தியது. ஒரு கணினிப் பெட்டி தவறான தரவை அனுப்பியது உறுதி, அந்தத் தவறுக்குத் துகள் காரணமா என்று ஆஸ்திரேலிய விசாரணையாளர்கள் ஆராய்ந்து, போதிய ஆதாரமில்லை என்று எழுதினார்கள். 2023 நவம்பரில் நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் புரியாத தரவை அனுப்பத் தொடங்கியது, ஒரு மெமரி சிப் போய்விட்டது என்று கண்டுபிடித்து அதில் இருந்த நிரலை வேறு இடங்களுக்குப் பிரித்து மாற்றினார்கள். துகள் அடித்ததா, 46 வருடத்தில் தேய்ந்ததா என்று நாசாவே உறுதியாகச் சொல்லவில்லை. உங்கள் போர்டு ஒருநாள் நின்றால், "கதிர்வீச்சு" என்று எழுதி மூடுவதற்கு முன் சால்டரைப் பாருங்கள்.

உங்களுக்கு என் பதில்: அந்த டியூபைப் பறக்கும் போர்டுக்கு வாங்காதீர்கள், மேசையில் பழக வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். பறப்பதற்கு, இன்னும் உற்பத்தியில் இருக்கும், முடிந்தால் கார்களுக்கான தரத்தில் வரும் பாகத்தை, உற்பத்தியாளரின் நேரடி விநியோகஸ்தரிடம், எல்லாம் ஒரே டேட் கோடாகக் கேட்டு வாங்குங்கள். தேவைப்படுவதைப் போல மூன்று மடங்கு வாங்குங்கள், அந்தக் கூடுதலைத்தான் சூட்டிலும் குளிரிலும் ஓட்டிக் கெடுத்துப் பார்க்கப் போகிறீர்கள். சப்ளையில் கரண்ட் ஒரு அளவைத் தாண்டினால் தானாக அணைத்து மறுபடி போடும் சின்னச் சுற்று ஒன்று கட்டாயம் வையுங்கள், லாட்ச்-அப்பிலிருந்து காப்பாற்றும். கன்ட்ரோலர் உறைந்துபோனால் எழுப்ப, அதற்கு வெளியே ஒரு வாட்ச்டாக் (கன்ட்ரோலரிடமிருந்து சிக்னல் வராமல் போனால் அதை ரீசெட் செய்யும் டைமர்). இதே அளவுச் செயற்கைக்கோளில் ஏற்கெனவே ஓடிய கன்ட்ரோலர் எது என்று உங்களுக்கு முன் செய்த கல்லூரிக் குழுக்களிடம் கேளுங்கள், எது கெட்டுப்போனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் அந்த ஐசிகளை முதலில் யாரிடம் வாங்கினார் என்பதற்குத் தாள் காட்டினால், டேட் கோடும் பேக்கேஜின் மேல்புறமும் கீழ்ப்புறமும் தெரிகிற மாதிரி படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.